ஜொள்ளு டாக்டர்

என் பக்கத்து சீட்டில் வேலை செய்தவளுக்கு மேல்வரிசை முன்பற்கள் நான்கு போய்விட்டன. முப்பத்திரண்டு வயதில். நான் அவளை அடிக்கவுமில்லை, தள்ளிவிடவுமில்லை. ஆனால் அந்த நாலு பல் போனதில் என் வாய்க்குப் பெரிய பங்கு இருக்கிறது. இதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

என் வாயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது மத்தூர்ப் பக்கம். பள்ளிக்கூடத்தில் என்னை வாயாடி என்று திட்டாத டீச்சர் கிடையாது. கல்யாணமாகி ஓசூருக்கு வந்த பிறகும் அது குறையவில்லை. கோபம் வேறு எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். அந்த வாயையும் கோபத்தையும் பார்த்துத்தான் கம்பெனியில் என்னை லைன் லீடர் ஆக்கினார்கள். இருபத்திரண்டு பெண்களை மேய்க்க வேண்டும், அதற்குத் தொண்டைத் தண்ணி வற்றக் கத்துகிற ஒருத்தி வேண்டும், அவ்வளவுதான்.

நாங்கள் செய்வது வண்டிகளுக்குள் போகும் எலக்ட்ரானிக் போர்டுகள். உள்ளங்கையில் அடங்கிவிடும். அதன்மேல் ஒரு பொட்டு எச்சில் தெறித்தால் போதும், நாளாவட்டத்தில் அந்த இடம் அரித்துவிடும் என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே லென்ஸுக்குக் கீழே ஒரு கெட்டுப்போன போர்டை வைத்து, "பாருங்க, இது யாரோ பேசினதால வந்தது" என்று காட்டினார்கள். எனக்கு அது ஏதோ சாபம் மாதிரி இருந்தது. அதனால் தலைக்குக் குல்லா, உடம்புக்குக் கோட், வாய்க்கு மாஸ்க். எங்கள் லைனுக்கு முதல் எதிரி எச்சில். இரண்டாவது எதிரி தும்மல்.

போர்டில் ஈயம் பற்றவைக்கிற புகை மூக்கில் ஏறினால் தும்மல் வரும். சிலருக்கு அடுக்கடுக்காக வரும். தும்மிவிட்டால் முன்னால் இருக்கிற போர்டெல்லாம் ரிஜெக்ட். ஆகவே மெடிக்கலில் தும்மல் மாத்திரை வாங்கிக் காலையில் ஒன்று போட்டுக்கொண்டு வருவார்கள். எனக்குத் தெரிந்து பாதிப்பேர் வருஷக்கணக்கில் அப்படித்தான் போட்டார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்ததில்லை. ஒருத்தி சொல்லி இன்னொருத்தி வாங்கியதுதான். அந்த மாத்திரை மூக்கை மட்டும் காயவைக்காது, வாயையும் சேர்த்துக் காயவைத்துவிடும் என்று எங்களுக்குத் தெரியாது. வாய் காய்ந்தால், "ஏசி காத்துடி" என்று சொல்லிக்கொள்வோம்.

தண்ணீர் பாட்டிலை உள்ளே கொண்டுபோக முடியாது. வெளியே லாக்கர் பக்கத்தில் வைத்துவிட்டு வர வேண்டும். ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் கோட்டைக் கழற்றி, குல்லாவைக் கழற்றி, வெளியே போய், திரும்பி வந்து எல்லாவற்றையும் மாட்ட வேண்டும். அதுவரை நம் சீட்டில் உட்கார ரிலீவர் வேண்டும். இரண்டு லைனுக்கு ஒரே ரிலீவர். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டிவரும், அதற்கும் அதே ரிலீவர். இந்தத் தொல்லையே வேண்டாமென்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் பழகிக்கொண்டோம்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. மாஸ்க்குக்குள் கன்னத்தில் ஒரு புளிப்பு மிட்டாயை ஒதுக்கிக்கொண்டால் வாயில் கொஞ்சம் ஈரம் ஊறும், தாகம் தெரியாது. இதைக் கண்டுபிடித்தது நான். லைனில் பழக்கிவிட்டதும் நான். என் மேசை டிராயரில் ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்திருந்தேன். ஷிப்ட் ஆரம்பிக்கும்போது அது ஒரு சுற்றுப் போய் வரும், கோயிலில் பிரசாதம் கொடுக்கிற மாதிரி. சாப்பாட்டுக்கு முன்னால் இன்னொரு சுற்று, டீக்குப் பிறகு ஒன்று. உள்ளே தின்பண்டம் கூடாது என்று சட்டம் இருந்தது. மாஸ்க்குக்குப் பின்னால் யார் பார்க்கப்போகிறார்கள்? லைன் நிற்காமல் ஓடியதில் சூப்பர்வைசருக்குச் சந்தோஷம். எனக்கும் தலைகால் புரியவில்லை.

என் பக்கத்து சீட்டுக்காரி வந்து சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான். அவள் ஊர் நாட்றாம்பாளையத்துக்கும் மேலே, மலைப்பக்கம். வீட்டில் பேசுவது கன்னடம். கட்டிக்கொண்டது கல்லாவி ஊர்க்காரரை, அவர் இன்னொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவள் பேசுவது குறைவு, சிரிப்பது அதிகம். கேன்டீனில் மாஸ்க்கை இறக்கிவிட்டு அவள் சிரித்தால் இளஞ்சோளக் கதிரை உரித்துக் காட்டிய மாதிரி வரிசை தெரியும். நானே பொறாமைப்பட்டிருக்கிறேன். "உன் பல்லுக்கே உன்னைக் கட்டிகினாரா உங்க ஊட்டுக்காரரு?" என்று கேலி பண்ணினால் இன்னும் சிரிப்பாள்.

ஒரு வருஷம் போயிருக்கும். எனக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் வலி ஆரம்பித்தது. கம்பெனி பஸ் எங்களை இறக்கிவிடுகிற ஸ்டாப்புக்கு எதிரில் ஒரு பல் டாக்டர் புதிதாகக் கடை போட்டிருந்தார். கடை என்றால் கிளினிக்தான். கர்நாடகத்து ஆனேக்கல் பக்கத்து ஆள், ஐம்பது வயதிருக்கும், எல்லையைத் தாண்டி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பேசுவது பாதி தமிழ், பாதி கன்னடம். ஷிப்ட் முடிந்து இறங்கியதும் நேராக அங்கே போய்விட்டேன். வெளியே பெஞ்சில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

என்னைச் சாய்த்துப் படுக்கவைத்து, குச்சியில் கோத்த சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டார். அந்தக் கண்ணாடி கன்னத்தின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. மெதுவாக இழுத்து எடுத்தார். மறுபடி விட்டார், மறுபடியும் ஒட்டியது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். கண்ணாடியைக் கையில் பிடித்தபடி கேட்டார்:

"ஜொள்ளு எப்படிம்மா? ஜாஸ்தியா, கம்மியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கைக்குழந்தைக்கு வாயில் ஜொள்ளு வடியும், அது வேறு. கல்யாணமான பெண்ணைப் படுக்கவைத்துக்கொண்டு ஓர் ஆண் அந்த வார்த்தையைச் சொன்னால் நம் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பஸ் ஸ்டாண்டில் நின்று பெண்களைப் பார்த்து வழிகிறவனுக்குச் சொல்கிற வார்த்தை அது. காதில் சரியாக விழவில்லையோ என்று, "என்ன கேட்டீங்க?" என்றேன்.

"ஜொள்ளும்மா, ஜொள்ளு. ராத்திரியில எப்படி?"

ராத்திரியா! எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவர் பதறிப்போய், "இல்லம்மா, பாயி… பாயி…" என்று ஏதோ சொல்ல வந்தார்.

"பாய் வேறயா? பாய் போட்டுத் தரட்டுமா உனுக்கு? யாருகிட்ட என்ன பேச்சு பேசற? கல்யாணமாகி இத்தன வருஷத்துல எங்க ஊட்டுக்காரரே எங்கிட்ட இப்பிடிப் பேசினதில்ல. போய் உங்க ஊட்டுப் பொம்பளைங்ககிட்ட கேளு, ஜாஸ்தியா கம்மியான்னு!"

கழுத்தில் கட்டியிருந்த காகிதத் துணியைப் பிய்த்து எறிந்துவிட்டு வெளியே வந்தேன். பெஞ்சில் இருந்தவர்களிடம், "பொம்பளைங்க யாரும் உள்ள போகாதீங்க, ஆளு சரியில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினேன். திரும்பிப் பார்த்தபோது அவர் கண்ணாடிக் குச்சியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். முழிக்கிறான் பார், திருடன் என்று நினைத்துக்கொண்டேன்.

கன்னடத்தில் பாயி என்றால் வாய். ஓசூரில் இத்தனை வருஷம் இருந்தவளுக்கு அது தெரியாதா? தெரியும். பஸ்ஸிலும் சந்தையிலும் கேட்டுக் கேட்டுப் பழகியதுதான். நிதானமாக இருந்திருந்தால் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் புரிந்துகொண்டிருப்பேன். கோபம் வந்தால் எனக்குக் காது அடைத்துவிடும், வாய் மட்டும் திறந்திருக்கும்.

மறுநாள் கேன்டீனில் கதையைச் சொன்னேன். வெறும் கதையா? எழுந்து நின்று, அவர் மாதிரி முழித்து, என் மாதிரிக் கத்தி, நடித்தே காட்டினேன். "பாய் போட்டுத் தரட்டுமா" என்ற இடத்தில் லைனே மேசையைத் தட்டிச் சிரித்தது. பக்கத்து சீட்டுக்காரி மட்டும் சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, "அக்கா, எங்க பாஷையில அது வந்து…" என்று ஆரம்பித்தாள்.

"நீ கம்முனு இரு. கத இன்னும் முடியல."

அவள் மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்த ஆளுக்கு 'ஜொள்ளு டாக்டர்' என்று பெயர் விழுந்தது. கதை பஸ் ஏறியது, அடுத்த ஷிப்டுக்குப் போனது, பக்கத்துக் கம்பெனிக்கும் போனது. புதிதாக யார் சேர்ந்தாலும், "அக்கா, அந்த ஜொள்ளு டாக்டர் கத சொல்லுங்க" என்பார்கள். நானும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உப்புக் காரம் சேர்த்துச் சொல்வேன். என் கடைவாய்ப்பல் வலி தானாகவே நின்றுபோனது. பார்த்தீர்களா, டாக்டரே தேவைப்படவில்லை என்று அதையும் கதையில் சேர்த்துக்கொண்டேன். வலி நின்றது பல் குணமானதால் இல்லை, உள்ளே நரம்பு செத்துப்போனதால் என்று எனக்கு யார் சொல்வது? சொல்லக்கூடிய ஒரே ஆளைத்தான் நான் சந்தி சிரிக்க வைத்திருந்தேனே.

சில மாதம் கழித்து ஒருநாள் டீ நேரத்தில் அவள் உதட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"அக்கா, இங்க பாருங்க. ஈறு ஓரமா சுண்ணாம்பு தடவின மாதிரி ஒரு கோடு. தேய்ச்சாலும் போகமாட்டேங்குது."

பார்த்தேன். நான்கு முன்பல்லிலும், ஈறு முடிகிற இடத்தில், மெல்லிய வெள்ளைக்கோடு. மற்ற இடம் பளபளவென்று இருந்தது. அந்தக் கோடு மட்டும் சாக்பீஸ் மாதிரி மங்கலாக இருந்தது.

"பேஸ்ட ஒழுங்கா கொப்புளிக்காம வந்துட்ட. போ, போ."

"வாயும் காயுதுக்கா. பிஸ்கட்டு மண்ண மெல்ற மாதிரி இருக்குது. டீ இல்லாம உள்ள எறங்க மாட்டேங்குது."

"அதுக்குத்தான் டப்பா வச்சிருக்கறேனே" என்று இன்னும் இரண்டு மிட்டாயை அவள் கோட் பாக்கெட்டில் போட்டேன். பாசத்தில்தான் போட்டேன்.

மழைக்காலம் முடிவதற்குள் வெள்ளைக்கோடு பழுப்பாகிவிட்டது. அவள் எங்கள் ஸ்டாப்பிலேயே இறங்குகிறவள். அந்தக் கிளினிக் எதிரிலேயே இருக்கிறது, போய்க் காட்டலாம் என்று புருஷனிடம் கேட்டிருக்கிறாள். அவர் குதித்திருக்கிறார். அந்த ஜொள்ளு டாக்டர்கிட்டயா? ஊரே சிரிக்குது, அவன்கிட்ட போய் வாயத் தொறந்துகினு படுத்துக்கப் போறியா? கதை அவர் காதுக்கும் போயிருந்தது. போகாமல் இருக்குமா?

அவள் என்னிடம் வந்தாள். சுற்றிலும் யாரும் இல்லாத நேரம் பார்த்து, லாக்கர் பக்கத்தில் நின்று கேட்டாள்.

"அக்கா, நான் சொன்னா எங்க ஊட்டுக்காரரு காதுலயே வாங்க மாட்டேங்கறாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா ஒத்துக்குவாரு. அந்த டாக்டரு… அவ்வளவு கெட்டவரா இருக்கமாட்டாருக்கா."

"உனுக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்து மூடினாள். "சும்மாதான்" என்றாள்.

"உங்க ஊட்டுக்காரரு சொல்றதுல என்னா தப்பு? நான் பட்டது போதாதா?"

அதோடு நான் போய்விட்டேன். சரி, வேறு டாக்டரே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார்கள், ஊருக்குள்ளே. அதற்கு அரைநாள் லீவு வேண்டும். அப்போது எங்களுக்கு ஆடிட் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஆள் குறைந்தாலும் லைன் தடுமாறும். "ஆடிட் முடியட்டும், அப்பறம் ஒரு நாளென்ன, ரெண்டு நாள் போ" என்று அவளுடைய லீவைத் தள்ளிவைத்ததும் நான்தான். ஆடிட் முடிந்தது. பிறகு ஆர்டர் கூடியது. அவள் மறுபடி கேட்கவில்லை. ஒரு கிராம்பைக் கடித்துக்கொண்டு, கூடவே மிட்டாயும் ஒதுக்கிக்கொண்டு, தும்மல் மாத்திரையும் போட்டுக்கொண்டு போர்டுமேல் குனிந்திருந்தாள். சிரிப்பதும் குறைந்தது. சிரித்தாலும் கை வாய்க்குப் போகும். வெட்கம் வந்துவிட்டது போல என்று அதையும் கேலி செய்தேன்.

மாங்காய்க் காலம் வந்தது. எங்கள் பக்கத்தில் அந்த மாதங்களில் மாங்காய் இல்லாத டிபன் பாக்ஸ் கிடையாது. நான் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி நறுக்கிக் கொண்டுபோயிருந்தேன். கேன்டீன் மேசையில் திறந்து வைத்ததும் ஆளுக்கொரு கையாக விழுந்தது. அவளும் ஒரு துண்டு எடுத்தாள். முன்பல்லால் கடித்து இழுத்தாள்.

'டிக்' என்று ஒரு சத்தம். பெரிதாக ஒன்றுமில்லை, சுவிட்ச் போட்ட மாதிரி.

அவள் கையில் இருந்த மாங்காய்த் துண்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அதன் ஓரத்தில், மிளகாய்த்தூளுக்கு நடுவில், அவளுடைய பல் நின்றுகொண்டிருந்தது. முழுப்பல். ஈறு ஓரத்தில் அரிவாள் வைத்து அறுத்த மாதிரி ஒடிந்து வந்திருந்தது. பின்பக்கம் முழுக்கக் கறுப்பு. ரத்தம் ஒரு சொட்டும் இல்லை.

"அய்யய்யோ, வலிக்குதாடி?" என்று கத்தினேன்.

"வலியே இல்லக்கா" என்றாள். அவள் அழவில்லை. வலி இல்லையே என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. விரலை வாய்க்குள் விட்டுப் பக்கத்துப் பல்லைத் தொட்டாள். அது ஆடவில்லை, மெத்தென்று இருக்கிறது என்றாள். பல் மெத்தென்று இருக்குமா? மற்றவர்கள் ஒவ்வொருவராக மாங்காயைத் திரும்ப டப்பாவில் வைத்தார்கள்.

கை கழுவுகிற இடத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வாய் கொப்புளித்துத் துப்பினாள். ஓடுகிற தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அக்கா, எங்க பாஷையில ஜொள்ளுன்னா எச்சில்தான்."

"என்னது?"

"எச்சில்க்கா. வாயில ஊறுதே, அது. அந்த டாக்டரு உங்கள வேற ஒண்ணும் கேக்கல. வாய்ல எச்சில் ஊறுதா, ராத்திரி வாய் காயுதான்னு கேட்டிருக்காரு. அன்னிக்கே சொல்ல வந்தேன்."

நான் குழாயை மூட மறந்து நின்றேன். கண்ணாடி கன்னத்தில் ஒட்டியது, அவர் முகம் மாறியது, ராத்திரி, பாயி, எல்லாம் ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன.

"அப்பறம் ஏன்டி சொல்லல? ஒன்றரை வருஷமா?"

"நீங்க அவ்வளவு நல்லா சொல்லிகினு இருந்தீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நடுவுல நான் எப்பிடி…" என்று நிறுத்தினாள். பிறகு மெதுவாக, "உங்களுக்குக் கோவம் வந்தா எனுக்குப் பயம்க்கா" என்றாள்.

செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அப்படி இருந்திருக்காது.

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தம்பி, அந்த டாக்டரு மேல தப்பு இல்ல. நான்தான் தப்பாப் புரிஞ்சிகினேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். என் ஆயுசில் அவ்வளவு சின்னக் குரலில் நான் பேசியதில்லை. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு, "அவ பல்லப் பாத்துதான் எங்கம்மா பொண்ணு புடிச்சிருக்குன்னு சொன்னாங்க அக்கா" என்றார்.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். பெஞ்சு காலியாக இருந்தது. டாக்டருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. ஒரு நொடி கதவுப்பக்கம் நகர்ந்தே நின்றார். பாவம், மறுபடி கத்துவேன் என்று பயந்திருப்பார். பிறகு அவளைப் படுக்கவைத்துப் பார்த்தார். கண்ணாடி அவள் கன்னத்திலும் ஒட்டியது. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வார்த்தை வார்த்தையாகக் கேட்டார்.

"வாயில… எச்சில்… ஊறுதாம்மா?"

"இல்ல சார்" என்றாள்.

மாத்திரை, மிட்டாய், தண்ணீர் குடிக்காதது, எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு வாங்கினார். பிறகு எங்கள் இருவருக்கும் சொன்னார். "நாம சாப்பிடற இனிப்பு, புளிப்பு எல்லாம் பல்லை தினமும் கொஞ்சம் கரைக்குதும்மா. எச்சில்தான் வந்து கழுவும், புளிப்பை அடக்கும், கரைஞ்சு போனதைத் திரும்ப ஒட்டும். ரிப்பேர் ஆள் மாதிரி. எச்சில் இல்லன்னா ரிப்பேர் இல்ல, கரையறது மட்டும் நடக்கும். அதுவும் ஈறு ஓரத்துல சீக்கிரம் போயிடும். சின்னப் பசங்களுக்குத்தான் பல் சொத்தைன்னு நினைக்கிறீங்க. வாய் காய்ஞ்சா பெரியவங்களுக்கு இன்னும் வேகமா வரும்."

"இந்த நாலையும் காப்பாத்த முடியுமா சார்?" என்று நான் கேட்டேன்.

முடியாது என்று தலையாட்டினார். மூன்று பல் ஒடியாமல் நின்றாலும் அடியில் ஒன்றுமில்லை, வேரோடு எடுத்துவிடத்தான் வேண்டும் என்றார். மற்ற பற்களில் பத்துக்குமேல் கோடு விழுந்திருந்தது. அவற்றை நிறுத்திப் பார்க்கலாம், மருந்து பூசலாம், மிட்டாயை இன்றே விட வேண்டும், மாத்திரையை ஒரு டாக்டரிடம் காட்டி மாற்ற வேண்டும், அடிக்கடி ஒரு வாய் தண்ணீராவது குடிக்க வேண்டும் என்றார்.

"வெள்ளைக் கோடா இருந்தப்ப வந்திருந்தா, துளைகூடப் போடாம நிறுத்தியிருக்கலாம்மா."

வெள்ளைக்கோட்டை அவள் என்னிடம்தான் காட்டினாள். போ, போ என்றது நான்தான்.

"சார், அன்னிக்கு நான்…" என்று ஆரம்பித்தேன்.

"விடுங்கம்மா. அந்த வார்த்தையை இப்ப நான் யார்கிட்டயும் சொல்றதில்ல." கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார், "உங்க கம்பெனி யூனிஃபார்ம் போட்டவங்க அதுக்கப்புறம் ஒருத்தர்கூட இங்க வரல." கோபமில்லாமல்தான் சொன்னார். பிறகு காலியான நாற்காலியைக் காட்டி, "நீங்களும் உக்காருங்க, பாத்துடலாம்" என்றார்.

"இன்னொரு நாளைக்கு சார்" என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

நான்கையும் எடுத்தார்கள். ஈறு நன்றாக ஆறிய பிறகுதான் செட்டுப்பல் என்று சொல்லியிருந்தார். அவள் ஒரு வாரம் கழித்து வேலைக்கு வந்தாள். கேன்டீனிலும் மாஸ்க்கை இறக்காமல், அதைத் தூக்கித் தூக்கிச் சோற்றை உள்ளே தள்ளினாள். என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு, "பல் எடுத்தாங்க" என்று மட்டும் சொன்னாள். நான் டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். ஏன் என்று லைனில் சொல்லவில்லை. டப்பா இல்லாவிட்டால் என்ன, பழகியவர்கள் அவரவர் பாக்கெட்டில் வாங்கிக்கொண்டு வந்தார்கள். தினமும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். தினமும் ஏதோ ஒரு போர்டைப் பார்க்கப் போய்விடுவேன். அவ்வளவு பேசுகிற வாய்க்கு அது மட்டும் வரவில்லை.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை, ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். டீ நேரத்தில் எல்லோரும் மாஸ்க்கை இறக்கிவிட்டு அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரோ ஒருத்தி வழக்கம்போல, "அக்கா, இவளுக்கு அந்த ஜொள்ளு டாக்டர் கத சொல்லுங்க" என்றாள். கதை ஆரம்பிப்பதற்கு முன்பே மற்றவர்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். "பாய் போட்டுத் தரட்டுமா" என்று ஒருத்தி என் குரலிலேயே சொன்னாள். மேசை அதிர்ந்தது.

இத்தனை வருஷமாக அவர்கள் சிரிக்கும்போது நான் கண்ணைத்தான் பார்த்திருக்கிறேன், கதை பிடிக்கிறதா என்று. அன்று வாயைப் பார்த்தேன். எதிர் பெஞ்சில் முதலாவதாக உட்கார்ந்திருந்தவளுக்கு ஈறு ஓரத்தில் வெள்ளைக்கோடு. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளுக்கும். மூன்றாவது ஆளுக்குப் பழுப்பு. அதற்கு மேல் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"சொல்லுங்கக்கா" என்றாள் புதுப்பெண்.

வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"அக்கா சொல்லமாட்டாங்க" என்று என் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "இந்தத் தடவ நான் சொல்றேன்."

என் பக்கத்து சீட்டுக்காரி மாஸ்க்கைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பிறகு உதட்டை முழுக்க விலக்கி எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். அந்த இடத்தில் பல் இல்லை, இளஞ்சிவப்பாக ஈறு மட்டும் இருந்தது. சிரிப்புச் சத்தம் ஒவ்வொரு பக்கமாக நின்றது.

"ஜொள்ளுன்னா எங்க பாஷையில எச்சில்" என்று அவள் ஆரம்பித்தாள். பல் இல்லாததால் வார்த்தைகளில் காற்று வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. மாத்திரை, மிட்டாய், வெள்ளைக்கோடு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். என் பெயரை ஒரு இடத்தில்கூட எடுக்கவில்லை. சுற்றிலும் பார்த்தேன். எல்லோருடைய உதடுகளும் மூடியிருந்தன, உள்ளே நாக்குகள் மட்டும் பற்களைத் தடவிப் பார்த்துக்கொண்டு நகர்ந்தன.

நானும் நாக்கை ஓட்டிப் பார்த்தேன். மேல்வரிசையில், ஈறு ஓரத்தில், ஓரிடத்தில் அது சொரசொரவென்று மாட்டியது.